11 பாசிட்டிவ், ஒரு நிச்சயதார்த்தம்

சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமைப் பற்றி நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 'பெண்கள் நலச் சலுகை' என்று சர்க்கரை, தைராய்டோடு ஏ.என்.ஏ. எனும் உட்கரு எதிர்ப்பொருள் பரிசோதனையையும் சேர்த்துக் கட்டி விற்றார்கள். 38 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 11 பேருக்கு 'பாசிட்டிவ்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது, அதுவும் தெருவின் வாட்ஸ்அப் குழுவிலேயே! அந்தப் பதினொருவரில் ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூகுளில் படித்துத் தேறிவிட்டு, "கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்கிறார்கள். "தம்பி, என் பிள்ளைக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே" என்று அவளுடைய அம்மா என் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பது நோய் அல்ல. நம் செல்லின் உட்கருவையே பகையாக நினைக்கிற எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்படுகிறது, அவ்வளவுதான். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 15 ஆய்வகங்கள் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பார்த்தன. ரத்தச் சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:40 அளவில் ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். 1:160 வரை நீர்த்தால் 5 சதவீதம். அந்தப் பெண்ணின் அறிக்கையில் இருப்பது 1:40. 38இல் 11 என்றால் 29 சதவீதம்; எங்கள் தெரு கணக்குத் தவறாத தெரு என்று வேண்டுமானால் பாராட்டலாம்.

"நீ என்ன மருத்துவரா?" இல்லை. லூபஸ் நோயாளியின் தம்பி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய் அது; ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றதும் பயப்படுவது அதற்குத்தான்.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய என் அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியது. "நெசவுக் கைக்கு வலி இல்லாமல் இருக்குமா?" என்றார் ஒரு மருத்துவர். ஒரு மே மாதம் ஏற்காட்டுக்குப் போனோம். ஏரிக்கரை வெயிலில் அரை நாள்தான். இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து தடித்தன. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மஞ்சள் பூசினோம். பூசியவர்களில் நானும் ஒருவன். நான்கு வருடம் கழித்துச் சிறுநீர் நுரைத்து முகம் வீங்கிய பிறகுதான் யாரோ ஒருவர் அவளை உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டார். அதன் பிறகு எழுதியதுதான் ஏ.என்.ஏ. அதற்கும் மேலே, லூபஸ்தானா என்று உறுதிப்படுத்த இரட்டை இழை டி.என்.ஏ., எஸ்.எம். எதிர்ப்பொருள்கள், கடைசியில் சிறுநீரகத் திசுப் பரிசோதனை.

அந்த 'எஸ்.எம்.' ஏதோ வேதியியல் குறியீடு என்று நினைத்திருந்தேன். ஸ்மித் என்ற நோயாளியின் பெயராம். 1966இல் எங் டான், ஹென்றி குன்கல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அவருடைய ரத்தத்தில் கண்டுபிடித்து, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் நோயாளிக்குப் பெயரே கிடையாது, டோக்கன் எண்தான்.

"முன்பே ஏ.என்.ஏ. பார்த்திருந்தால் உன் அக்கா தப்பித்திருப்பாளே" என்று வருவீர்கள். தெரியும். எனக்கே தூக்கம் வராத இரவுகளில் வருகிற கேள்வி அது. பார்த்திருக்க வேண்டும்தான். ஆனால் அவளுக்கு மூட்டு வீங்கியிருந்தது, வெயிலில் முகம் சிவந்தது. கேட்க அங்கே ஒரு கேள்வி இருந்தது. ஒன்றுமே இல்லாதவளின் கையில் ஊசியைக் குத்திவிட்டு நோயைத் தேடுவதும் இதுவும் ஒன்றா?

இன்னொருவர் 2003ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராணுவம் சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளில், பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு நோய் தெரிவதற்கு முன்பே எதிர்ப்பொருள் இருந்தது. உண்மை. ஆனால் ஐயா, நோய் வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்த ஆய்வு அது. எதிர்ப்பொருள் இருக்கிற எல்லாருக்கும் நோய் வரும் என்று அதில் எங்கே இருக்கிறது? 2019இல் வந்த லூபஸ் வகைப்பாட்டு விதிகளிலும் 1:80 ஏ.என்.ஏ. என்பது வாசற்படி மட்டும்தான். சிறுநீரகம், மூட்டு, தோல் என்று உடம்பில் ஏதாவது ஒன்றாவது சாட்சி சொல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொன்னதாகக் குழுவில் திரிக்கிறார்கள். சொல்லவில்லை. நான்கு வருடம் அலைந்தவனுக்குப் பரிசோதனையின் அருமை தெரியாதா? அப்போது வாய்விட்டுச் சொன்னவளுக்கு ஒரு சீட்டு எழுத ஆள் இல்லை. இப்போது கேட்காதவர்களுக்கு வீடு தேடி வந்து எடுக்கிறார்கள்.

நேற்று மாலை முகாம்காரர்களிடமிருந்து மறுபடியும் செய்தி. அடுத்தது கன்னங்குறிச்சியில், முன்பதிவு செய்தால் இருபது சதவீதம் தள்ளுபடி. அக்காவின் எண்ணுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.