போன இன்டர்னைத் திட்டுவதற்கு முன்னால்

என்ன நடந்தது என்று மறுபடி விளக்கப் போவதில்லை. இரண்டு நாளாக எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். லேபுக்கு, அதாவது ஆராய்ச்சிக் கூடத்துக்கு, பயிற்சிக்கு வரும் இன்டர்ன்கள் சர்டிபிகேட் வாங்கியதும் பறந்துவிடுகிறார்கள், பொறுப்பில்லாத தலைமுறை என்று ஒரு பேராசிரியர் ஊரறியச் சொல்லிவிட்டார். அவர் லேபில் பயிற்சி முடித்துப் போன பெண் செய்துவைத்த பகுப்பாய்வை இப்போது யாராலும் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியவில்லையாம். குற்றவாளி அவள்தானாம்.

நல்லது, பொறுப்பைப் பற்றியே பேசுவோம்.

இன்டர்ன்ஷிப்பை முடித்துவைப்பது லேபின் வேலை. இன்டர்ன் அதில் பாதிதான். பெரிய பல்கலைக்கழகம் என்றால் இது இன்னும் உண்மை, ஏனென்றால் அங்கே கதவை மூடுவது மனிதர் இல்லை, சிஸ்டம். ஒப்பந்தத் தேதி முடிந்ததும் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். மின்னஞ்சல், டிரைவ், பெரிய கணக்கீடுகளுக்கான கணினித் தொகுப்பான கிளஸ்டரின் லாகின் எல்லாம் அதோடு போகும். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்ச அங்கே ஆள் கிடையாது. இந்தத் தேதி முதல் நாளிலேயே கைடுக்கு, அதாவது வழிநடத்தும் பேராசிரியருக்கு, தெரியும். கையெழுத்துப் போட்டதே அவர்தான்.

"லேப் ஃபோல்டரில்தானே போட்டிருந்தாள்?" என்கிறார்கள். கூகுள் டிரைவில் ஒருவர் தன் கணக்கில் ஃபோல்டர் திறந்து பத்துப் பேருக்குப் பகிர்ந்தாலும், அதில் அவர் உருவாக்கிய கோப்புக்கு உரிமையாளர் அவர்தான். உரிமையை மாற்றாமல் கணக்கை அழித்தால் கோப்பும் போய்விடும். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ஷேர்டு டிரைவ் என்றால் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் நிற்கும். இந்த வித்தியாசத்தை இருபது வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? கிளஸ்டரிலும் இதே கதைதான். தற்காலிகச் சேமிப்பிடமான ஸ்கிராட்ச் டிஸ்க்கில் போட்டுவைத்த டேட்டாவைப் பல இடங்களில் சில வாரம் தொடாமல் விட்டாலே சிஸ்டம் அழித்துவிடும். அவளுக்கென்று ஒதுக்கிய ஹோம் டைரக்டரியில் இருந்தால் அனுமதி பெரும்பாலும் அவளுக்கு மட்டும். உரிமையை வேறொருவர் பெயருக்கு மாற்ற அட்மின் வர வேண்டும், அட்மினுக்கு எழுத வேண்டியது கைடு.

இனி அந்தப் பகுப்பாய்வு. ஓடவில்லை என்றால் ஏன் என்று பார்ப்பது பெரிய மர்மம் இல்லை, எங்கும் ஒரே வரிசையில்தான் உடையும். முதலில் பாதை: கோப்பின் முழு முகவரியும் அவள் லேப்டாப்புக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஸ்கிரிப்டில், அதாவது அவள் எழுதிய நிரலில், எழுதப்பட்டிருக்கும். அதைத் திருத்தினால், ஸ்கிரிப்ட் நம்பியிருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரியின் பதிப்பு. எந்தப் பதிப்பில் ஓடியது என்று எங்கும் எழுதி வைத்திருக்காது, புதுப் பதிப்பில் அந்த ஃபங்ஷனே இருக்காது. அதையும் தாண்டினால், நிரலைச் செல் செல்லாகத் துண்டு போட்டு ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக். செல்களை மேலும் கீழுமாக ஓட்டி, நடுவில் ஒன்றை அழித்து, நினைவகத்தில் மிச்சமிருந்த மதிப்பை வைத்து வந்த வரைபடம் அது. நோட்புக்கை ஓட்டும் கெர்னலை மறுதொடக்கம் செய்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கடைசியாக, 'கிளீன்_ஃபைனல்_2' என்று ஒரு கோப்பை ஸ்கிரிப்ட் கேட்கும். மூல டேட்டாவிலிருந்து அதை எப்படி உண்டாக்கினாள் என்பது எங்குமே இருக்காது.

இதற்குப் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான். வேறொருவர், வேறொரு கணினியில், எப்படி ஓட்டுவது என்று விளக்கும் ரீட்மீ கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியவரிடம் வாயைத் திறக்காமல் ஓட்டிப் பார்ப்பது. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் முறை நிச்சயம் ஓடாது. ஆனால் கடைசி இரண்டு வாரம் என்ன நடக்கிறது? போஸ்டர், பிரசென்டேஷன், டீனோடு போட்டோ, அதற்கு நடுவில் "இன்னும் ஒரே ஒரு கிராஃப் போட்டுக் கொடும்மா". வெள்ளிக்கிழமை மாலை ஐடி கார்டையும் சாவியையும் மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

மாதிரிகளையும் ரசாயனங்களையும் கையாளும் ஈர லேபிலும் இதே லட்சணம்தான். சாதாரண மார்க்கரில் பெயரின் முதலெழுத்தும் தேதியும் மட்டும் எழுதிய டியூப், மைனஸ் 80 ஃப்ரீசரில். எத்தனால் பட்டால் அந்த எழுத்தும் போச்சு. எந்தக் கட்டத்தில் எது என்ற பெட்டி வரைபடம் இல்லாவிட்டால் அது ஆய்வு மாதிரியே இல்லை, வெறும் பனிக்கட்டி. பெயர் ஒட்டாத கழிவு பாட்டிலை அப்புறப்படுத்த வருகிறவர்கள் தொடவும் மாட்டார்கள். அது அங்கேயே கிடக்கும், திட்டு வாங்குவது டெக்னீஷியன்.

"எல்லாவற்றையும் கைடே ஊட்டிவிட வேண்டுமா?" என்று வருவீர்கள், தெரியும். ஊட்ட வேண்டாம். ஒரு பக்கத்துக்குப் பட்டியல் கொடுங்கள், தேதி போடுங்கள், உட்கார்ந்து ஒருமுறை சரிபாருங்கள். எங்கள் காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை என்பவர்களே, உங்கள் காலத்து டேட்டா இப்போது எங்கே இருக்கிறது, கொஞ்சம் எடுத்துக் காட்டுங்களேன். சில பிள்ளைகள் உண்மையிலேயே அக்கறை இல்லாமல் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கும் அதே பட்டியல்தான் மருந்து.

அப்புறம் "பறந்துவிடுகிறார்கள்" என்ற வார்த்தை. ஒரு லேபில் கருவி முன்பதிவுக் கணக்கின் இரட்டைச் சரிபார்ப்பு பழைய இன்டர்னின் கைபேசி எண்ணில் கிடந்தது. வேறு வேலைக்குப் போய்விட்ட அந்தப் பையன், மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, இங்கே யாருக்கோ ஓடிபி வாசித்துக்கொண்டிருந்தான், மாதக்கணக்கில். எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. ஒருவரும் மாற்றவில்லை. அவனையும் பொறுப்பில்லாத தலைமுறைக் கணக்கில்தான் எழுதியிருப்பீர்கள்.

கோபம் வருவது இதற்காக மட்டுமில்லை. இவ்வளவும் செய்துவிட்டுப் போகிறவர்களின் பெயர் கட்டுரையில் எங்கே வருகிறது? மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியராக இருக்க நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: வேலையில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. முதல் நிபந்தனையைத் தாண்டியவருக்கு எழுத்திலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே குழுதான் சொல்கிறது. நடப்பது என்ன? வரைவு பழைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகும், அது திரும்பி வரும், "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று பெயர் நன்றியுரைக்கு இறங்கும். டெக்னீஷியன் பெயர் அங்கேகூட வராது. பாட்டிலுக்கு மட்டும் அவர் ஞாபகம் வரும்.

ஆகவே இந்த மாதம் முடிக்கப் போகிற பிள்ளைகளே, உங்களுக்காகச் சொல்கிறேன். போவதற்கு முன் ஆராய்ச்சியாளருக்கான நிரந்தர அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் எடுத்து, தனி மின்னஞ்சலோடு சேர்த்து, கைடு கையில் கொடுங்கள். நிரலைச் சேமித்துவைக்கும் கிட் (Git) கணக்கிலும் தனி மின்னஞ்சலைச் சேர்த்துவிடுங்கள். கட்டுரை வந்தால் என் பங்கு எப்படிக் குறிக்கப்படும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வந்த பதிலை வெளியே சேமியுங்கள். லேப் டேட்டாவை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அது உங்களுடையது இல்லை. பரிந்துரைக் கடிதத்தை அங்கே இருக்கும்போதே கேளுங்கள், செய்த வேலைகளை ஐந்தாறு வரியில் எழுதிக் கொடுத்து. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உங்கள் முகமே அவருக்கு நினைவிருக்காது. ஒப்படைப்புப் பட்டியலையும் நீங்களே தயாரித்து, கைடிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்டால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.