கடல் இன்னா உங்க வீட்டு குப்பைத்தொட்டியாடா?

நாலு நாளா வயிறு எரியுது, இத எழுதாம எனக்கு தூக்கம் வராது. காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம் போனோம். நம்ம வேலூர்க்காரங்களுக்கு கடல்னா வருஷத்துக்கு ஒரு தடவதான், கோட்டை அகழிய விட்டா நமக்கு ஏது தண்ணி, அதான் விடியக்காலைல நாலு மணிக்கே புளிசோறு கட்டிக்கினு சொந்தக்காரங்க எல்லாம் ஒரே வேன்ல காஞ்சிபுரம் செங்கல்பட்டு வழியா போனோம். எங்க பாப்பாவுக்கு ஆறு வயசு, கடல நேர்ல பாக்குறது இதான் மொத தடவ.

மொத அலை கால நனைச்சதும் கத்திக்கினே ஓடுனா. ரெண்டாவது அலை உள்ள இழுத்துக்கினு போவுது, இவ அப்படியே நின்னுட்டா, அழக்கூட இல்ல. தூக்கிப் பாத்தா குதிகால்ல பீர் பாட்டில் அடிப்பக்கத்து கண்ணாடி, என் கட்டைவிரல் அகலம், சதையில ஏறி நிக்குது. எங்கம்மா முந்தானைய கிழிச்சு கட்டுனாங்க. மூணு தையல், ஒரு டிடி ஊசி. புள்ள கடல்ல நின்னது மொத்தமா ரெண்டு நிமிஷம்.

பத்தடி தள்ளி நாலு பசங்க காலி பாட்டில மணல்ல நட்டு வெச்சு கல்லால அடிச்சுக்கினு இருக்கானுங்க. போய் சத்தம் போட்டா "அதெல்லாம் அலை அடிச்சுக்கினு போய்டும்ணா, டென்ஷன் ஆவாத"ன்றான். பேச்சு நம்ம ஊரு பேச்சு மாதிரி இருக்கேன்னு பார்க்கிங்ல அவனுங்க கார பாத்தா டிஎன் 23, நம்ம வேலூர் வண்டி! அப்பதான் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கினு வந்துச்சு.

எங்கடா அடிச்சுக்கினு போவும்? ஒரு அலை மணல போட்டு மூடும், இன்னொரு அலை மணல அரிச்சு மேல கொண்டாரும், இன்னைக்கு என் பொண்ணு காலு, நாளைக்கு அங்க வெறுங்காலோட வலை இழுக்குறவங்க காலு. தை மாசி பங்குனி மூணு மாசமும் பங்குனி ஆமைன்ற கடல் ஆமை ராத்திரில கரையேறி முட்டை வெக்கிற நேரம் வேற, துடுப்பு காலால மணல தோண்டி ஒரே குழியில நூறு முட்டை வெக்குமாம், அது தோண்டுற எடத்துல நீங்க உடைச்ச கண்ணாடி.

ஊர்ல மட்டும் இன்னா வாழுது? பாலாத்து பாலத்துக்கு அடில போய் பாருங்க, எவ்ளோ பாட்டில். 2021 நவம்பர்ல வெள்ளம் வந்துச்சே, ஆத்துல கெடந்ததெல்லாம் எங்க போச்சு? மகாபலிபுரத்துக்கு தெக்கால வாயலூர்கிட்ட இதே கடல்லதான பாலாறு சேருது.

நீலகிரில 2022லயே காலி பாட்டில திருப்பிக் குடுத்தா 10 ரூபான்னு கொண்டாந்தாங்க. இங்க பார்க்கிங்ல காசு வாங்க ஆள் நிக்குது, கண்ணாடி பாட்டில கரைக்கு எடுத்துனு போவாதன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

அந்த டிஎன் 23 கார்ல வந்த தம்பிங்களா, இது உங்க கண்ணுல படணும். அடுத்த பொங்கலுக்கும் நாங்க வருவோம், பாப்பாவ அதே எடத்துல எறக்குவேன். பாட்டில கார்லயே வெச்சுட்டு வாங்கடா.