மூலையில் கசியும் வெளிச்சம்

வீட்டின் உள்புறத்தைக் கணினியில் படமாக்கும் இன்டீரியர் ரெண்டரில் என்னை எரிச்சலூட்டுவது, சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் வெள்ளைக் கோடாகக் கசியும் வெளிச்சம்தான். ஜன்னலே இல்லாத பக்கத்தில் வெயில் எப்படி நுழையும்?

பெரும்பாலும் காரணம் மாடல், அதாவது கணினியில் வரைந்த வீட்டின் 3டி வடிவம். ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் சுவரைத் தடிமனே இல்லாத ஒற்றைப் பரப்பாக வரைந்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்டால், "படத்தில் தெரியாதே" என்கிறார்கள். அன்ரியல் எஞ்சின் மென்பொருளில் ஒளியைக் கணக்கிடும் லூமெனுக்கே சுவர் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்று அதன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. வீ-ரே என்ற ரெண்டர் மென்பொருளில் இர்ரேடியன்ஸ் மேப் என்ற முறையைப் போட்டால் இன்னும் மோசம். அது சில புள்ளிகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு, இடையில் இருப்பதை இட்டு நிரப்பும். சுவர் மெல்லிசாக இருந்தால் அந்தப் பக்கத்து வெயில் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளும். நேராகத் தெரியும் புள்ளிகளை மட்டும் எடுக்கச் சொல்லும் 'செக் சாம்பிள் விசிபிலிட்டி'யை டிக் செய்தால் குறையும், நேரம் இழுக்கும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கிடும் புரூட் ஃபோர்ஸ் முறைக்கு மாறினால் இந்தக் கலப்பு வராது. ஆனால் மாடலில் நிஜமாகவே இடுக்கு இருந்தால் அப்போதும் கசியும்.

சரி, ஃபோட்டோஷாப்பில் பூசிவிடு என்பார்கள். அதுதான் பெரிய கோபம். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி பூச வேண்டும். 9 அங்குலச் சுவரை 9 அங்குலமாகவே வரைந்து, சீலிங்கை அதன் மேல் முழுசாக ஏற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?