உறுதிமொழி வாசித்தால் பிரேக் பிடிக்காது

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் பேசியதில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கும் தகப்பன்" என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டவர் யார் என்பது எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. (எவ்வளவு விரும்பவில்லை என்பதை இந்தப் பதிவின் நீளமே சொல்லும்.)

நான் கேட்டது இதுதான். சாலைப் பாதுகாப்பு மாதம் என்று ஆண்டுதோறும் ஜனவரியில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பதாகை பிடிக்க வைத்து, உறுதிமொழி வாசிக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு கலைகிறீர்களே, அதே ஒரு மணி நேரத்துக்கு அவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், தூரத்தில் வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது, இப்போது கடக்கலாமா கூடாதா, நின்ற பேருந்திலிருந்து இறங்கியவர் அதன் முன்பக்கமாகச் சாலையைக் கடந்தால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு அவர் தெரிவாரா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லப் பழக்குங்கள் என்றேன். சாலையைச் சாலையில்தான் கற்றுக்கொடுக்க முடியும். இதில் பைக் எங்கே வந்தது?

எனக்குச் சட்டம் தெரியாது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறையாமல் பொதுச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு மட்டும் 16 வயது போதும் என்றொரு விலக்கு உண்டு. ஆனால் அந்த அளவுக்குள் அடங்கிய பழைய டிவிஎஸ் 50 காலம் போய்விட்டது, இன்று மீன் கூடை கட்டிப் போகும் எக்செல் வண்டியே 100 சிசியைத் தொட்டு நிற்கிறது. 2019இல் வந்த திருத்தத்தின்படி சிறுவன் ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. இவ்வளவும் தெரிந்ததால்தான் என் மகன் கையில் நான் சாவி கொடுக்கவில்லை. அன்று கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கப் பேசியவரின் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை மாலையில் டியூஷனுக்கு ஓட்டிப் போவது யார் என்று நான் கேட்கவுமில்லை.

சட்டம் ஓட்டக் கூடாது என்கிறதே தவிர, பார்க்கக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. பதினெட்டு முடிந்த மறுநாள் எல்.எல்.ஆர். எடுத்து, ஒரு மாதம் கழித்து மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் வந்துவிடும். அந்த மைதானத்தில் ஆடு குறுக்கே பாயாது, கூலர் வண்டி மீன் தண்ணீரை ஒழுகவிட்டுத் தாரை வழுக்கலாக்காது, எதிரே வருபவன் ஹைபீமைக் கண்ணில் அடிக்க மாட்டான்.

என் அத்தா எனக்குக் கற்றுத்தந்த முறை வேறு. வண்டியைத் தொடவிடாமல், நெடுநாள் பின்னால் உட்காரவைத்து, முன்னே தெரிவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். "டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைக்கிறார், எழுந்து வருவார், பந்து ஒன்று உருண்டு வருகிறது, பிள்ளை பின்னால் ஓடிவரும், பேருந்து இன்டிகேட்டர் போடாமலே ஒதுங்குகிறது" என்று நான் ஒப்பித்துக்கொண்டே வரவேண்டும். எதையாவது விட்டுவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, "அந்தக் கிழவியை ஏன் சொல்லவில்லை?" என்பார். உரிய வயது வந்த பிறகுதான், கோடையில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியைத் தந்தார். கிளட்சும் கியரும் பழக அதிக நேரம் ஆகவில்லை. கண் பழகத்தான் காலம் பிடித்தது, அது சாவி கைக்கு வருமுன்பே பழகியிருந்தது.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறவர்கள் நம் கரையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். முதல் நாளே எவனாவது சுக்கான் பிடிக்கிறானா? வல்லத்தில் தண்ணீர் இறைக்கவும், கயிறு சுற்றவும், வாடையா கச்சானா என்று முகத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லவும் அறிந்த பிறகல்லவா சுக்கான் கைக்கு வருகிறது? கடலுக்கு இருக்கும் மரியாதை தாருக்கு இல்லாமல் போனது ஏன்?

நம் பகுதிச் சாலைகள் புத்தகத்தில் இருக்கும் சாலைகள் அல்ல. 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், இரு பக்கமும் கடல். வாடைக் காலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்றைப் பேருந்து ஒன்று மறைத்துக்கொண்டு போய், அது கடந்த மறுகணம் காற்று மொத்தமாக வந்து அறையும்போது பைக் ஒரு முழம் தள்ளிப்போகும். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் வேறு. தனுஷ்கோடியைத் தாண்டிப் போகும் அரிச்சல்முனைச் சாலையோ நேர்க்கோடு. ஆக்சிலேட்டரை முறுக்கத் தோன்றும், ஆனால் காற்று கொண்டுவந்து தார்மேல் பரப்பிய மணலில் முன்பிரேக்கை இறுக்கினால் வண்டி நிற்காது, விழும். உப்புக் காற்றில் பிரேக் கேபிள் துருப்பிடிப்பதையும் எந்த உறுதிமொழியும் சொல்லித் தருவதில்லை.

இயற்பியல் பாடத்தில் இயக்க ஆற்றலுக்கு வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு, 40இல் போகும் வண்டியை 80இல் ஓட்டினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு என்பதும் அதே வாய்பாடுதான் என்று யாரும் சொல்லவில்லை. 60இல் போனால் ஒவ்வொரு நொடிக்கும் ஏறக்குறைய 17 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுமுன்பே அவ்வளவும் போய்விடும்.

"முதலில் சாலையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்" என்பவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. வளைவுகளில் சாலையைத் தொட்டு நிற்கும் சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கப் போவதில்லை. "ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்" என்பதற்கு என்னிடம் பொறுமையான பதில் இல்லை. பதாகைக்கு வண்ணம் தீட்ட ஒதுக்கிய நேரம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே இதற்கும் வரட்டும்.

என் ராத்தா (அக்கா) மகன் வண்டி ஓட்டவில்லை. நண்பனின் பின்னால் உட்கார்ந்து போனான். பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் போட வேண்டும் என்பதுதான் சட்டம். வீட்டில் இருந்தது, அவனுக்கு எடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் உறுதிமொழியில் அவன் வாசித்தது "வாகனம் ஓட்டும்போது" என்றுதான். உயிரோடு இருக்கிறான், எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஆனால் படித்த வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கிறான். மருத்துவமனைக்கு வந்தவர்கள் எல்லோரும் "நேரம் சரியில்லை" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் அன்று கூட்டத்தில் எழுந்து நின்றேன். அதைத்தான் நீங்கள் வெட்டித் தலைப்பிட்டு அனுப்பினீர்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் மகனையும் விருப்பமுள்ள பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தாருக்கு வெளியே, வேலியோரம் நிற்பேன். மோட்டார் வண்டி எதுவும் கிடையாது. சைக்கிள் உள்ளவர்கள் பின்விளக்கும் மணியும் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொண்டுவரலாம். கூடவே பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வரவேண்டும். வீடியோ எடுக்க விரும்புகிறவரும் வரலாம், இந்த முறை முழுவதையும் எடுங்கள்.