பெல்ட்டைக் கழற்றினால் மட்டும் மேனுவல் ஸ்டீயரிங் ஆகிவிடாது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம், பவர் ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு மேனுவலுக்கு, அதாவது கை பலத்தால் மட்டும் திருப்பும் ஸ்டீயரிங்குக்கு மாற வேண்டும் என்ற ஆசை அடிக்கடி தலைதூக்குகிறது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் எண்ணெயை அழுத்தித் தரும் பம்பை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இப்போது என் கார் மேனுவல்" என்று அறிவித்துக்கொள்வதும், ஒரு மாதம் கழித்து "மேனுவல் ஸ்டீயரிங் என்பதே சித்திரவதை" என்று தீர்ப்பு எழுதுவதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. அண்மையில் ஒரு தம்பி, "அண்ணா, பெல்ட்டை எடுத்தால் போதாதா, ரேக்கை ஏன் கழற்ற வேண்டும்?" என்று கேட்டார். ரேக் என்பது ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கி முன்சக்கரங்களைத் திருப்பும், பல் வெட்டிய தண்டு. அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது இங்கே வட அமெரிக்காவில் மியாட்டா என்று விற்கப்பட்ட கார் என்பதால், பேச்சு முழுவதும் அதைப் பற்றியதே.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை தயாரிக்கப்பட்டு, 4 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது. அதன் எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோதான். அதில் பாதியை ஒட்டிய எடைதான் முன்சக்கரங்களின் மேல் அமர்கிறது. இவ்வளவு இலேசான காருக்குப் பவர் ஸ்டீயரிங் கட்டாயம் என்று அதை வடிவமைத்தவர்களே கருதவில்லை. அமெரிக்காவில் விற்ற அடிப்படை மாடலில் ஸ்டீயரிங் மேனுவல்தான். அலாய் வீல், தோல் சுற்றிய ஸ்டீயரிங் வீல் ஆகியவற்றோடு கூடுதல் விலைக்கு வந்த தொகுப்பில்தான் பவர் ஸ்டீயரிங் சேர்ந்தது. ஆகவே இந்த மாற்றம் காரின் இயல்புக்கு எதிரானதல்ல. தொழிற்சாலையே இரண்டு விதமான ரேக் செய்து வைத்திருந்தது; இரண்டின் விகிதமும், அதாவது சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டீயரிங் வீலைச் சுற்ற வேண்டிய அளவும், வேறு வேறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பவர் ஸ்டீயரிங் பிறந்ததே கனமான வண்டிகளுக்காக. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1920களிலேயே ஹைட்ராலிக் உதவியோடு திரும்பும் ஸ்டீயரிங்கைச் செய்து காட்டினார். விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் அது முதன்முதலாக இடம்பெற்றது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். இரண்டு டன்னை ஒட்டிய அந்தக் காரை நிறுத்துமிடத்தில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது வரமாகத்தான் இருந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களின் கதை வேறு. போர்ஷே 911 என்ற கார் 1989இல் 964 மாடல் வரும்வரை பவர் ஸ்டீயரிங்கே இல்லாமல் ஓடியது. ஹோண்டா என்எஸ்எக்ஸ் தொடக்கத்தில் மேனுவல் கியர் காருக்கு மேனுவல் ஸ்டீயரிங்கையும் ஆட்டோமேட்டிக் காருக்கு மின்சார உதவியையும் கொடுத்தது. யாருக்கு எது தேவை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி, பெல்ட்டை மட்டும் கழற்றினால் ஏன் போதாது என்ற கேள்விக்கு வருகிறேன். ஹைட்ராலிக் ரேக்கில், ஸ்டீயரிங் தண்டுக்கும், ரேக்கின் பற்களோடு பொருந்திச் சுழலும் பினியன் பல்சக்கரத்துக்கும் நடுவே நேரடியான, இறுக்கமான இணைப்பு கிடையாது. இரண்டையும் இணைப்பது டார்ஷன் பார் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பி. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கலால் சுழல் வால்வின் வாய்கள் ஒரு பக்கம் திறந்து, பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் ரேக்கின் மேல் உள்ள பிஸ்டனை அந்தப் பக்கமாகத் தள்ளுகிறது. அதாவது நம் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும் கருவியாகத்தான் அந்தக் கம்பி அங்கே இருக்கிறது. பம்பு ஓடாதபோது அளப்பதற்கு எதுவும் இல்லை, ஆனால் முறுக்கல் மட்டும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கம்பி முதலில் முறுக்கி, உள்ளே உள்ள தடுப்பில் முட்டிய பிறகுதான் முழு விசையும் பல்சக்கரத்துக்குப் போகும். நம் ஊர் மெக்கானிக்குகள் "ஸ்டீயரிங்கில் ப்ளே இருக்கிறது" என்பார்களே, அதே உணர்வு, புதுப் பாகங்கள் போட்ட காரிலும் வரும்.

இது போதாதென்று, ரேக்கின் பிஸ்டன் இரு பக்கமும் எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் நகர வேண்டியிருக்கிறது. பம்பு நின்றுபோனாலும் எண்ணெய் போகாது. ஒவ்வொரு திருப்பத்திலும் குறுகிய குழாய்கள் வழியே, வால்வு வழியே அதை நம் தோள்பட்டைதான் தள்ளுகிறது. வேகமாகத் திருப்பினால் எதிர்ப்பு இன்னும் கூடும். சறுக்கும் காரை நேராக்க அவசரமாக எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டிய நொடியில்தான் ஸ்டீயரிங் மிகவும் கனக்கிறது என்றால், அதைப் பாதுகாப்பான மாற்றம் என்று எப்படிச் சொல்வது? பெல்ட் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் காரில் பவர் ஸ்டீயரிங் பம்பும் ஏசி கம்ப்ரசரும் ஒரே பெல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏசி வேண்டும் என்றால், பம்பு இருந்த இடத்தில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஒரு ஐட்லர் புல்லியும் அதற்கேற்ற நீளத்தில் வேறு பெல்ட்டும் போட வேண்டும்.

சிலர் இதற்கு அடுத்த படிக்குப் போகிறார்கள்: எண்ணெயை வடித்துவிட்டு, ரேக்கின் இரண்டு குழாய் வாய்களையும் ஒரே குழாயால் இணைத்து, காற்று மட்டும் இங்கும் அங்கும் போய்வர விடுகிறார்கள். எதிர்ப்பு நிச்சயமாகக் குறையும். ஆனால் டார்ஷன் பாரின் நெகிழ்வு அப்படியே இருக்கிறது. எண்ணெயில் ஓடுவதற்காகச் செய்த சீல்கள் வறண்டு உராய்கின்றன. பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

முழுமையாகச் செய்வதென்றால் ரேக்கை வெளியே எடுத்துப் பிரித்தே ஆக வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடும் ஊர்களில் பாதிப் பொழுது, ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராட் முனைகளையும் ஸ்டீயரிங் தண்டின் கிளாம்ப் போல்ட்டையும் துருவிலிருந்து விடுவிப்பதிலேயே கழிந்துவிடும். பிரித்ததும் கறுத்த எண்ணெய் கையெல்லாம் வழியும். பினியனை உருவி எடுத்து, உள்தண்டை ஒரு கையிலும் பல்சக்கரத்தை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். அந்தச் சில டிகிரி அசைவு கண்ணுக்கே தெரியும். அதைப் பார்த்த யாரும் பெல்ட்டை மட்டும் கழற்றிய காரைப் பரிந்துரைக்க மாட்டார்கள். அந்த இரண்டு பாகங்களும் சேரும் இடத்தில் வெல்டிங் வைத்து ஒன்றாக்கிவிட வேண்டும். சூடு பல்சக்கரத்தின் பற்களுக்கும் பேரிங் அமரும் பரப்புக்கும் பரவாதபடி, சிறுசிறு பொட்டாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கத் தெரிந்த கை வேண்டும். இங்கே காசைப் பார்க்காமல் நல்ல வெல்டரிடம் கொடுப்பதே புத்தி. பிறகு ரேக்கின் பிஸ்டன் மேல் உள்ள சீல் வளையத்தை எடுத்துவிட்டு, எண்ணெய்க்குப் பதிலாக நல்ல கிரீஸ் அடைத்து, திறந்திருக்கும் வாய்களைத் தூசியும் தண்ணீரும் புகாமல் மூட வேண்டும். இந்த வேலையைக் காரில் இருக்கும் ரேக்கில் செய்யாதீர்கள். பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் இன்னொரு ரேக்கை வாங்கி அதில் செய்யுங்கள். வெல்டிங் வைத்த பினியன் மறுபடி பவர் ஸ்டீயரிங்குக்கு உதவாது.

தொழிற்சாலை மேனுவல் ரேக்கையே தேடிப் பிடித்து மாட்டலாமே என்று கேட்கலாம். மாட்டலாம்; சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பவர் ரேக்கின் விகிதம் 15:1, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ 2.8 சுற்று. மேனுவல் ரேக்கின் விகிதம் 18:1, ஏறத்தாழ 3.3 சுற்று. உராய்வை விட்டுவிட்டால், உதவி நீக்கிய பவர் ரேக்கைத் திருப்ப, மேனுவல் ரேக்கைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விசை தேவைப்படும். பதிலுக்குக் கை குறைவாகச் சுற்றினால் போதும். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர் 15:1 ரேக்கைத் தேர்ந்தெடுப்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது. குறுகிய வளைவுகளில் கை மாற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் காருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மேனுவல் ரேக் எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. கிடைத்தால் அதன் பிடிப்பான்களையும் ரப்பர்களையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? எடை குறைவதும் பம்பு தின்னும் குதிரைத்திறன் மிச்சமாவதும் பேசும் அளவுக்குப் பெரியவை அல்ல. கிடைப்பது முன்டயரின் நிலை பற்றிய செய்தி. கார் வளைவில் போகும்போது, டயர் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள முயலும் விசைதான் ஸ்டீயரிங்கில் கனமாகத் தெரிகிறது. சாலையைத் தொடும் ரப்பர்ப் பரப்பில் பக்கவாட்டு விசை நடுப்புள்ளியில் அல்லாமல் சற்றுப் பின்னால் தள்ளி வேலை செய்வது இதற்கு ஒரு காரணம். டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்க நெருங்க அந்த இடைவெளி சுருங்குகிறது. பிடிமானம் முழுதும் போவதற்கு முன்பே ஸ்டீயரிங் கையில் இலேசாகிவிடுகிறது. ஈரமான வளைவில் முன்பக்கம் வெளியே நழுவப் போகிறது என்பதை நழுவுமுன்பே சொல்லும் அறிவிப்பு அது. ஹைட்ராலிக் உதவி இந்த வேறுபாட்டை முற்றாக அழிப்பதில்லை, ஆனால் மழுப்பிவிடுகிறது.

இதனால்தான் கேஸ்டர் கோணத்தைப் பற்றிப் பிடிவாதமாக இருக்கிறேன். பக்கவாட்டில் பார்த்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே கேஸ்டர். பவர் ஸ்டீயரிங் உள்ள காரில், நேர்க்கோட்டில் நிலையாகப் போவதற்காக கேஸ்டரை ஏற்றி வைப்பார்கள். அதனால் கூடும் கனத்தைப் பம்பு பார்த்துக்கொள்ளும். மேனுவலுக்கு மாறிய பிறகும் அதே அலைன்மெண்ட்டை, அதாவது சக்கரக் கோண அமைப்பை வைத்திருந்தால் இரண்டு வகையில் நட்டம். கை வலிக்கும் என்பது ஒன்று. கேஸ்டரால் வரும் கனம் டயர் எல்லையை நெருங்கும்போது குறைவதில்லை என்பதால், நான் சொன்ன அந்த அறிவிப்பு அதற்குள் மூழ்கிவிடும் என்பது மற்றொன்று, அதுவே பெரிய நட்டம். இந்தக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம்களில் உள்ள கேம் போல்ட்டுகளைத் திருப்பி கேஸ்டரை மாற்ற முடியும் என்பதால், மாற்றம் முடிந்த அன்றே அலைன்மெண்ட் கடைக்குப் போய், அதைக் குறைத்து வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டயரும் அப்படித்தான். தொடக்கத்தில் வந்த அளவு 185/60 ஆர்14, அதாவது 185 மி.மீ. அகலம். 205 அகல டயர் போட்டுவிட்டு ஸ்டீயரிங் கனக்கிறது என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. சிறிய விட்டமுள்ள அலங்கார ஸ்டீயரிங் வீலும் வேண்டாம். விட்டம் குறைந்த அளவுக்கு விசை கூடும். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் அதையும் இழப்பீர்கள்.

யார் செய்யக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். தோள்பட்டையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்கள், நெரிசலான தெருவில் தினமும் இடுக்கில் நுழைத்து நிறுத்த வேண்டியவர்கள், வீட்டில் இன்னொருவரும் அதே காரை ஓட்டுகிறார் என்றால் அவரைக் கேட்காதவர்கள் இதில் இறங்க வேண்டாம். கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்பப் பழகிவிட்டால் பெரும்பாலான சிரமம் போய்விடும் என்பது உண்மைதான். நடைவேகத்துக்கு மேல் போனால் நிறுத்துமிடத்தில் தெரியும் அந்தக் கனம் இருக்காது. ஆனாலும் நகர்த்த இடமே இல்லாத வாகன நிறுத்தத்தில் அந்த உண்மை உதவாது. செய்து முடித்தவர்கள், கழற்றிய ரேக், பம்பு, குழாய்கள், பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் எண்ணெய் வடித்து, வாய்களை அடைத்து, ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். இந்தக் கார்களில் மிகப் புதியதற்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் விசாரிப்பது அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.