தள்ளுவண்டிக் கடைக்கு முதலில் ஒரு குழாய் வையுங்கள்

எங்கேயாவது ஷவர்மா சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி வந்தால், மறுநாளே ஊரெல்லாம் ரெய்டு. சட்னியைக் கொட்டுகிறார்கள், எண்ணெயைக் கொட்டுகிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே வண்டி, அதே வாளி, அதே தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் ஆதங்கம் எல்லாம் அதுதான்.

ஆவி பறக்கும் இட்லியிலும், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த பஜ்ஜியிலும் கிருமிக்கு அவ்வளவாக வழியில்லை. வம்பெல்லாம் அடுப்பில் ஏறாத பொருள்களில்தான். மேலே தூவும் பச்சை வெங்காயம், கொத்தமல்லி, பானிபூரித் தண்ணீர், ஜூஸில் போடும் ஐஸ். சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஜூஸ் கடையில் யார் பார்க்கிறார்கள்?

தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சம் கவனியுங்கள். சாயங்காலம் அரைத்து வாளியில் ஊற்றி வைப்பார்கள். மேலே ஒரு கரண்டி தாளிப்பு விழும். வாசனை வரும், ஆனால் அந்தச் சூட்டில் வாளிச் சட்னி கொதித்துவிடாது. எட்டு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் குடத்துத் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைப்பார்கள். தீரப்போகிறதென்றால் புதுச் சட்னியைப் பழையதன் மேலேயே ஊற்றுவார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும். நம் ஊர் ராத்திரி அதற்குத் தோதானது. ஈ.கோலை மாதிரியான பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பத்து மணிக்கு வருகிறவருக்குக் கிடைப்பது எந்தச் சட்னி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதில் விரல் வெட்டுக்காயத்திலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சேர்ந்தால் அது உண்டாக்கும் நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. சரியான முடிவு. பச்சை முட்டை வழியாக வரும் சால்மொனெல்லா கிருமி விளையாட்டுக் காரியமில்லை. ஆனால் தடை போடுவது சுலபம், தண்ணீர் கொடுப்பதுதான் கஷ்டம்.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்துபோனார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தது தெரியவந்தது. அது மனிதக் கழிவிலிருந்து கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வருவது. 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். அப்படியென்றால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். எங்கே கழுவுவது? சாயங்காலம் தொடங்கி ராத்திரி பதினொரு மணி வரை நின்றுகொண்டே இட்லி விற்கும் அக்கா கழிவறைக்கு எங்கே போவார்? தட்டை அலசும் வாளித் தண்ணீரை எதை நம்பி அடிக்கடி மாற்றுவார்? வீட்டிலிருந்து சுமந்து வந்த இரண்டு குடத்தில்தான் குடிக்க, கழுவ, சட்னி நீர்க்க எல்லாமே ஓட வேண்டும். அவரிடம் போய்க் கையுறை மாட்டச் சொல்கிறோம். அந்தக் கையுறையோடே காசையும் வாங்கி, வெங்காயத்தையும் அள்ளினால் என்ன பிரயோஜனம்?

2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். இதைப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அகமதாபாத்தில் காங்கரியா ஏரிக்கரைக் கடைகளை 2018-ல் நாட்டின் முதல் சுத்தமான தெரு உணவு மையமாக அறிவித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா? பத்து வண்டி நிற்கும் இடத்தில் குளோரின் கலந்த தண்ணீர் வரும் ஒரு குழாய், ஒரு வடிகால், பக்கத்தில் பூட்டாத ஒரு கழிவறை. கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை ராத்திரி நேரத்தில் சாப்பிடுகிறவர்கள் சட்னியை விட்டுவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பாரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் குழாய் கேட்டு மனு கொடுக்கப் போகிறேன். எங்கள் வார்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வருவதானால் கமெண்டில் சொல்லுங்கள். வண்டிக்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம்.