துவரங்குறிச்சியில் எரிந்த மஞ்சள் விளக்கு

போன வாரம் பெருங்களத்தூர் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு புது டர்போ பெட்ரோல் காரில் மதுரைக்குக் கிளம்பினோம். துவரங்குறிச்சி தாண்டவில்லை, பெட்ரோல் தீரப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரிகிறது! இது என்ன லாரியா? ஒரு லிட்டர் இன்ஜின், மூன்றே சிலிண்டர். "மாமா, வண்டி இந்தக் குடி குடிக்குதே" என்று பின்சீட்டில் மச்சினன் சிரிக்கிறான். சிரிக்க மாட்டானா? என் பழைய டீசல் வண்டி அவனிடம்தான் இருக்கிறது. நானே விற்றேன், அதுவும் சொந்தக்காரன் விலைக்கு.

அந்த வண்டியின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஃபியட் பெற்ற பிள்ளை. மாருதி, டாடா என்று ஆளாளுக்குத் தத்தெடுத்து, இந்தியாவின் தேசிய இன்ஜின் என்றே பெயர் வாங்கியது. வெறும் 75 குதிரைசக்தி. நிமிடத்துக்கு 2,000 சுற்று வரை தூங்கும், அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளும். நெடுஞ்சாலையில் நான் எப்படி மிதித்தாலும் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதில்லை. மதுரை போய்த் திரும்பும்போது விழுப்புரத்தில்தான் பங்க் ஞாபகமே வரும்.

இந்த டர்போ பெட்ரோலுக்கும் விளம்பரத்தில் 20 என்றுதான் போட்டிருந்தார்கள். அந்த 20 எங்கே கிடைத்தது தெரியுமா? அறைக்குள், சக்கரங்களை உருளை மேல் வைத்து, ஏ.சி. போடாமல், வேகம் 90-ஐத் தாண்டாமல், சுமார் 20 நிமிடம் ஓட்டியதில். உளுந்தூர்பேட்டை வெயிலில் ஏ.சி. போடாமல் அவர்கள் மாமியாரை ஏற்றிக்கொண்டு போகட்டும், பார்க்கலாம்.

80-ல் பூப்போல உருட்டினால் 18 தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. 80-ல் உருட்டவா டர்போவுக்குக் கூடுதல் காசு கொடுத்தேன்? லாரியை முந்த ஓர் அழுத்து அழுத்தினால் டர்போ காற்றைத் திணிக்கிறது. உள்ளே சூடு ஏறி, பெட்ரோல் தாறுமாறாக வெடித்து நாக் அடிக்காமல் இருக்க, தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. என் காசில் இன்ஜினுக்குக் குளியல்! டீசலுக்கு இந்தச் சீராட்டு வேண்டாம். அது காற்றை 16, 17 மடங்கு அமுக்கும். இது 10 மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். அதிகமாக அமுக்கினால்தானே அதே எரிபொருளில் அதிக வேலை வாங்க முடியும்? போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம். நமக்கோ பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு.

சர்வீஸில் கேட்டால் "5,000 கிலோமீட்டர் ஓடட்டும் சார், செட் ஆயிடும்" என்றார்கள். 5,000 முடிந்தது, "10,000 ஓடட்டும்." அதுவும் முடிந்தது, "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்." இதே கால்தான் ஐயா டீசலையும் மிதித்தது!

சரி, திரும்ப ஒரு சின்ன டீசல் வாங்கலாம் என்றால் எங்கே இருக்கிறது? 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலையே கைவிட்டது. புகையைச் சுத்தம் செய்யும் சாமான்களின் விலை சின்ன வண்டிக்குக் கட்டுப்படியாகாது. அப்படியே வாங்கினாலும், ஊருக்குள்ளேயே சுற்றினால் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கரியை எரிப்பதற்கென்றே பைபாஸ் போய் வர வேண்டும். புகைக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

துவரங்குறிச்சி பங்கில் 30 லிட்டர் பிடித்தது, 3,000 ரூபாய். ஓடியது 360 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 12 வருகிறது, டேஷ்போர்டோ கூசாமல் 14.6 காட்டுகிறது.

"டேய், அந்த டீசல் வண்டியை எனக்கே திருப்பிக் கொடுத்துடேன்" என்று கேட்டே விட்டேன். மச்சினன் போனை எடுத்து ஓ.எல்.எக்ஸ். விலையைக் காட்டினான்.